வெள்ளிக்கிழமைச் சிக்னல்

ஹைல் சித்ர் ஊரில் படித்த முட்டாள் யார் என்று யாராவது கேட்டால், ஹுமூத் இப்போதெல்லாம் தானே முந்திக்கொண்டு கையைத் தூக்கிவிடுகிறார். அடுத்தவர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கும் தப்பு. ஒன்றும் மிஞ்சவில்லை.

அவருக்கு மஸ்கத்தில் ஓர் அமைச்சக அலுவலகத்தில் வேலை. ஞாயிறு முதல் வியாழன் வரை அங்கே. வியாழன் மதியம் கோப்புகளை மூடியதும் காரை மலைப் பக்கம் திருப்பிவிடுவார். அவர் மட்டுமா, ஊரே அப்படித்தான். வார நாட்களில் ஹைல் சித்ரில் கிழடுகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஆடுகளும்தான் இருக்கும். வியாழன் சாயங்காலம் மலைப்பாதையில் வண்டிமேல் வண்டியாக ஏறி, ராத்திரி சாப்பாட்டுக்குள் ஊர் ஐந்து மடங்கு ஊதிப்போகும். வந்து இறங்கிய அத்தனை பேர் சட்டைப்பையிலும் போன், சிலரிடம் இரண்டு. ஊருக்கு இருப்பதோ ஒரே டவர். திங்கட்கிழமை அது தங்கமான பிள்ளை. வெள்ளிக்கிழமை வந்தால் திரையில் நாலு கோடும் விறைப்பாக நிற்கும், ஆனால் ஒரு 'ஸலாம்' கூட முழுதாகப் போய்ச் சேராது. அதே நேரத்தில் மஸ்கத்து டவர்கள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஹுமூத்தின் மனைவி ஸுவைனாவால்தான் பொறுக்க முடியவில்லை. அவர்கள் மகன் அஸ்ஸான் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலையில் இருந்தான். கப்பலில் ஆளுக்கு ஒரு முறை வைத்துத்தான் வீட்டுக்குப் பேச இணையம் கொடுப்பார்கள். அவன் முறை வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால். வேறு நாளில்லை. நடுக்கடலிலிருந்து கிளம்பி வானத்துக்குப் போய் பூமிக்கு இறங்கிய அவன் முகம், ஹைல் சித்ர் டவருக்கு வந்ததும் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். மூக்கு ஒரு கட்டம், தாடி ஒரு கட்டம். குரல் வாளிக்குள் இருந்து வருவதுபோல் வந்து பாதியில் அறுந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன் எஞ்சின் அறையில் அவன் வலது கையில் அடிபட்டது. "சின்னக் கீறல் உம்மா" என்றான். படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். ஸுவைனா பார்த்துவிட்டு, "இது இடது கை" என்றாள். ஹுமூத், "கைன்னா கைதானே, ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும்" என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு பரிமாறியது யார் என்று கேட்காதீர்கள். அவரேதான்.

"அஸ்ஸான் வாப்பா, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்" என்றாள் ஸுவைனா. "ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு நிமிஷம், என் புள்ளையோட வலது கையை நான் கண்ணால பாக்கணும். நீங்க பெரிய எழுத்தாளர்தானே, எழுதி வாங்கித் தாங்க."

எழுத்து விஷயத்தில் ஹுமூத்துக்கு ஒரு மிதப்பு உண்டு. புகார் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது ஊரின் நம்பிக்கை, அதை ஊருக்குள் பரப்பியதும் அவர்தான். போன் கம்பெனிக்குப் புகாராக எழுதித் தள்ளினார். கம்பெனியும் ஆள் அனுப்பியது, ஒரு செவ்வாய்க்கிழமை. வந்தவர் ஆடுகளுக்கு நடுவே நின்று அளந்து பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். மறுபடி எழுதினார். மறுபடி ஒருவர் வந்தார், அதுவும் செவ்வாய்க்கிழமை. கடைசியில் அலுவலகத்துக்கே போய்ச் சண்டை பிடித்தபோது அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "சராசரி பாருங்க சார். வாரம் முழுக்கக் கூட்டிப் பார்த்தா உங்க ஊர் டவருக்கு வேலையே இல்லை. வேலையில்லாத டவருக்குத் துணை டவர் கேட்டா மேல இருக்கிறவங்க சிரிப்பாங்க" என்றார்.

"வெள்ளிக்கிழமை வந்து பாருங்க!"

"வெள்ளிக்கிழமை நாங்களும் எங்க ஊருக்குப் போவோம்ல?"

 நாட்டில் எல்லாருக்கும் ஓர் ஊர் இருப்பதுதான் பிரச்சினை.

ஆனாலும் ஹுமூத் விடவில்லை. உறவு பிடித்து, உறவுக்கு உறவு பிடித்து, முந்திர் என்ற இளம் எஞ்சினியரைக் கண்டுபிடித்தார். இப்ரி ஊர்ப் பக்கத்துப் பையன், தங்கமான குணம். ஹுமூத் கெஞ்சிய கெஞ்சில் மனம் இளகி, தன் ஊருக்குப் போகாமல் ஒரு வெள்ளிக்கிழமையை ஹைல் சித்ருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டான். "ஆனா ஒரே தடவைதான் சாச்சா. அளந்து எழுதிடறேன். நெரிசல் இருந்தா கருவி காட்டிக்கொடுத்துடும். அதுக்கப்புறம் சராசரி கிராசரின்னு யாரும் பேச முடியாது."

இங்கேதான் ஹுமூத்தின் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஊருக்கு விருந்தாளி வருகிறான். சும்மா விருந்தாளியா, தன் தாயைப் பார்க்கப் போக வேண்டிய நாளை நமக்காக விட்டவன். அவன் வேலை செய்யும்போது நாம் பாட்டுக்கு ஆளாளுக்குப் போனை நோண்டிக்கொண்டிருந்தால் அவனுக்கு இடைஞ்சல். கரண்ட் வேலை பார்க்க ஆள் வந்தால் மெயின் சுவிட்சை அணைக்கிறோம். குழாய் பழுது பார்க்க வந்தால் தண்ணீரை நிறுத்துகிறோம். அப்படியிருக்க நெட்வொர்க் பார்க்க வருபவனுக்கு இந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் ஹைல் சித்ரைப் பற்றி என்ன நினைப்பான்? வியாழன் ராத்திரி ஊர் வாட்ஸப் குழுவில், அது போய்ச் சேரவே அரைமணி நேரம் பிடித்தாலும், அருமையான நடையில் ஒரு அறிவிப்புப் போட்டார்: வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்ததிலிருந்து விருந்தாளி ஊரைவிட்டுப் போகும்வரை யாரும் போனைத் தொடக் கூடாது. அணைத்தே வைத்துவிடுங்கள். வீட்டு ரவுட்டர்களையும்தான். நம் ஊர் மானம் உங்கள் கையில்.

ஊர்த்தலைவர் ஷேக் மர்ஹூன் அதைப் படித்துவிட்டு, "இதுதான் படிச்சவன் வேலைங்கறது" என்று எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். ஹுமூத் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கத்தை இப்போது நினைத்தால் அவருக்கே கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முந்திர் வந்தான். ஆண்கள் கூடும் சப்லாவில் அவனை நடுவில் உட்காரவைத்து, பேரீச்சம்பழம், அல்வா, கஹ்வாக் காப்பி, அப்புறம் மலைபோல் சோறும் ஆட்டுக்கறியும். அவன் "போதும்" என்று கோப்பையை ஆட்டிக் காட்டுவதற்குள் அடுத்த கோப்பை நிரம்பிவிடும். அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்தும் ஒரு போன் சிணுங்கவில்லை. ஒரு பயல்கூடக் குனிந்து திரையைப் பார்க்கவில்லை. ஹுமூத்துக்கு நெஞ்சு விம்மியது.

வயிறு முட்டியதும் முந்திர் மெல்ல எழுந்து காருக்குப் போனான். முன் சீட்டில் வரிசையாகப் பொருத்திய போன்கள், மடியில் ஒரு கம்ப்யூட்டர். பள்ளிவாசல், பேரீச்சந்தோப்பு, மேல்தெரு, கீழ்த்தெரு என்று ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுச் சப்லா வாசலில் வந்து இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஷேக்! சும்மா சொல்லக் கூடாது. மஸ்கத்துல கூட நான் இப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை. டவரை யாருமே தொடல போல இருக்கு. அவ்வளவு சுத்தம்!"

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஷேக் மர்ஹூன். சப்லா முழுக்க மாஷா அல்லாஹ் எதிரொலித்தது. எல்லாரும் ஹுமூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹுமூத்தும் பூரித்துப்போய், "எல்லாம் உங்க ஒத்துழைப்புதான்" என்றார். சத்தியமாக, அந்த நிமிடம் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் தகப்பன்போல் நின்றுகொண்டிருந்தார்.

"அஸ்ஸான் வாப்பா!"

சப்லாவை ஒட்டியிருந்த ஹுமூத் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஸுவைனாவின் குரல். ஆண்கள் கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவள் இல்லை அவள். ஆனால் புருஷன் போனை அணைத்துவைத்திருந்தால் வேறு என்னதான் செய்வாள்? "உடனே வாங்க! புள்ள வந்திருக்கான்!"

ஹுமூத் போனார். கூடத்தில் ஸுவைனா போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்க அணைந்திருந்தும் அணையாத ஒரே போன் அவளுடையது. ஹுமூத் போடும் சட்டமெல்லாம் அவள் வாசற்படிக்கு வெளியேதான். திரையில் அஸ்ஸான். கட்டமில்லை, உடைசலில்லை. இமை கொட்டுவது தெரிந்தது. கழுத்தில் வேர்வை தெரிந்தது. தாடியில் ஒரு பக்கம் முடி சரியாக வளராததுகூடத் தெரிந்தது. மகனை இத்தனை அருகில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே ஹுமூத் திரைப் பக்கம் குனிந்தார்.

"வாப்பா, என்ன இது, பக்கத்து ரூம்ல இருக்கிற மாதிரி தெரியுறீங்க! புது டவர் வந்துடுச்சா?" என்றான் அஸ்ஸான்.

"அதான் எனக்கும் புரியல" என்றார் ஹுமூத். "எப்படி இவ்வளவு தெளிவா வருது?"

ஸுவைனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஊரையே அணைச்சு வெச்சிருக்கீங்களே, அப்புறம் தெளிவா வராம என்ன செய்யும்?"

 முந்தின நாளிலிருந்து ஹுமூத்தின் மூளையைச் சுற்றிவந்தும் உள்ளே நுழையாமல் இருந்த விஷயம் இப்போது ஒரே தாவலில் உள்ளே குதித்தது. நெரிசலைக் காட்ட ஆளை வரவழைத்து, நெரிசலை ஒளித்துவைத்துவிட்டார். ஊர் மானம் காப்பாற்றப்பட்டது. ஊருக்கு டவர் கிடையாது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும். நீங்க படிச்சவரு, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். "அதோட எனக்கு இன்னிக்கு ஒரு நாள் தெளிவாத் தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு."

ஹுமூத் விழுந்தடித்துக்கொண்டு சப்லாவுக்கு ஓடினார். முந்திர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நில்லு! எழுதிடாதே!"

"என்ன சாச்சா?"

ஹுமூத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து மறுபடி போட்டுக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் சொல்லித்தான் ஆகவேண்டும். "நான்தான் எல்லாரையும் போனை அணைக்கச் சொன்னேன். நீ வர்றேன்னு. உனக்கு இடைஞ்சலா இருக்குமேன்னு..."

 முந்திர் காரின் பானெட்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சாச்சா, நான் அளக்க வந்ததே அந்த இடைஞ்சலைத்தானே!"

சப்லாவில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் ஒருவரும் அடக்கவில்லை. ஹுமூத்தின் பங்காளி ராஷித், "டாக்டர் வர்றாருன்னு காய்ச்சலைத் தொடச்சு வெச்சுட்டான்யா நம்ம ஹுமூது" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். ஹுமூத் அசடு வழிய நின்றார். அவராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றார் ஷேக் மர்ஹூன். அவர் மட்டும்தான் சிரிக்கவில்லை.

"எல்லாரும் போனைப் போடுங்க ஷேக். எல்லாப் போனும், எல்லா ரவுட்டரும். வீடியோ பாருங்க, பேசுங்க, என்ன வேணாப் பண்ணுங்க. நான் மறுபடி அளக்கறேன்."

"விருந்தாளி உக்காந்திருக்கும்போது சப்லாவுல போனை எடுக்கறதா? என் வாப்பா காலத்துலேருந்து இங்க விருந்தாளி முன்னாடி யாரும் முகத்தைத் திருப்பினதில்லை."

"விருந்தாளியே கெஞ்சிக் கேக்குறேன், ஷேக்."

ஷேக் யோசித்தார். பிறகு, பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சம்மதிப்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். மறு நொடி அத்தனை கைகளும் பைக்குள் போய் வந்தன. தகவல் வீட்டுக்கு வீடு கத்திச் சொல்லப்பட்டது. விரல்கள் பொத்தான்மேல். "சாச்சா, நீங்க சொன்னதும் போட்டுடுவாங்க" என்று முந்திர் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

ஹுமூத் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஸுவைனா இன்னும் போனை ஏந்திக்கொண்டு இருக்கிறாள். இப்போது "போடுங்க" என்று சொன்னால் அந்த முகம் போய்விடும். அவள் கேட்டது ஒரு நிமிடம். மாதக்கணக்காக எழுதி அவரால் வாங்கித் தர முடியாத அந்த ஒரு நிமிடம், அவர் செய்த முட்டாள்தனத்தால் தானாக வந்து வாய்த்திருக்கிறது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார். "யாரும் போடாதீங்க. நான் வர்றேன்."

"மறுபடியுமா!" என்றான் ராஷித்.

உள்ளே பேரம் நடந்துகொண்டிருந்தது. அஸ்ஸான் கப்பலில் போடும் மீன்குழம்பு பற்றி வளவளத்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் எதையோ மறைக்கும்போதுதான் அவன் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசுவான்.

"கையைக் காட்டு" என்றாள் ஸுவைனா.

இடது கை வந்தது.

"அது இல்ல."

"அஸ்ஸான், சீக்கிரம்" என்றார் ஹுமூத். "வெளிய ஊரே காத்துக்கிட்டு இருக்கு. போனைப் போட்டுட்டா நீ போயிடுவே."

அஸ்ஸானின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அதுவும் தெளிவாகத் தெரிந்தது. "அப்ப போடச் சொல்லுங்க வாப்பா. அடுத்த வாரம் காட்டுறேனே."

"ஊர் காத்திருக்கட்டும்" என்றாள் ஸுவைனா. "ஷேக்கும் காத்திருக்கட்டும். நீ காட்டு."

 கப்பல் எஞ்சினின் உறுமல்கூடக் கேட்டது. பிறகு அவன் வலது கையை மேலே கொண்டுவந்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியோடு நின்றிருந்தன. நுனிகளில் தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக மினுங்கியது.

ஹுமூத் அவள் அருகில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாக அந்தக் கட்டங்களைத் திட்டித் தீர்த்தாரே, அவற்றுக்குப் பின்னால் பையன் இதை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"லீவுல வந்து நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்" என்றான் அஸ்ஸான். குரல் கம்மியிருந்தது. "நம்ம ஊர் நெட்வொர்க்கை நம்பித்தான் இருந்தேன் வாப்பா. அதுவும் காலை வாரிடுச்சு."

ஸுவைனா அழவில்லை. திரையை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய், விரல் விரலாகப் பார்த்தாள். "வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"சோறு அள்ளிச் சாப்பிட வருதா?"

அஸ்ஸான் சிரிக்கப் பார்த்தான். "வருது உம்மா. ஆரம்பத்துல விரலிடுக்குல வழிஞ்சு போயிடும். இப்பப் பழகிடுச்சு."

"காட்டு."

வெளியே கார் ஹாரன் ஒலித்தது. "சாச்சா!" என்று முந்திர் கூப்பிட்டான். "ஹுமூது, போடவா வேணாமா?" என்று நாலு குரல்கள். ஹுமூத் மனைவியைப் பார்த்தார். அவள் சொல்லாமல் இந்த முறை அவர் எதையும் செய்வதாக இல்லை.

"போடச் சொல்லுங்க" என்றாள் ஸுவைனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பாத்துட்டேன். அடுத்த வருஷம் இன்னொருத்தி புள்ள கட்டம் கட்டமா வர வேணாம்."

ஹுமூத் ஜன்னலைத் திறந்து "போடுங்க!" என்று கத்தினார். குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் யாரும் கவனிக்கவில்லை. ஜும்ஆவிலிருந்து அடைத்துவைத்திருந்த செய்திகளெல்லாம் ஒரே நேரத்தில் கொட்ட, சப்லாவிலும் தெருவிலும் மாடிகளிலும் போன்கள் கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கின. திரையில் அஸ்ஸான் மூன்று முழு விரலும் இரண்டு அரை விரலுமாகக் குவித்து, இல்லாத சோற்றைக் கையால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். முதலில் காது போனது. பிறகு தோள். கை பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது.

"படுத்துடுச்சு!" என்று வெளியே முந்திர் கூவினான். "ஷேக், மொத்தமாப் படுத்துடுச்சு! இதை வெச்சு நான் ரெண்டு டவர் வாங்கித் தர்றேன்!"

ஊர் ஆரவாரம் செய்தது. ஹுமூத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாழ்நாளில் அவர் எழுதியும் பேசியும் சாதித்த ஒரே காரியம் அதுதான். எழுந்துபோய் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. ஸுவைனா நின்றுபோன அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹுமூத்தும் அவளோடு சேர்ந்து, திரை தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.